கென்னடி என்ற பெயருக்கு 'அழகற்ற தலை' என்றா பொருள்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் பெயர் கென்னடி. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டாம் மாதத்தில், 1964 ஜனவரியில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். அந்தத் துக்கம் ஆறாத அவருடைய தகப்பனார் இந்தப் பெயரை வைத்திருக்கிறார். அவருடைய மகன் இப்போது அயர்லாந்தின் லிமெரிக் நகரில் படிக்கிறார். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரே குடும்பப்பெயருக்கான கட்டத்தில் ஏறிவிட்டதால், அங்கே பார்ப்பவர்கள் எல்லாம் "உனக்கு எப்படி எங்கள் ஊர்ப் பெயர்?" என்று கேட்கிறார்களாம். போதாக்குறைக்கு, அந்தப் பெயருக்கு 'அழகற்ற தலை' என்று பொருள் என்று உடன் தங்கியிருக்கும் மாணவர் ஒருவர் சொல்லிவிட்டார். இது உண்மைதானா, ஒரு ஐரிஷ் குடும்பப்பெயர் எப்படி ஆட்களுக்கு வைக்கும் பெயரானது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள கென்னடி அவர்களுக்கு, அந்த மாணவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை நீங்கள் வருத்தத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்ல விரும்புகிறேன். கென்னடி என்பது குடும்பப்பெயராகப் பிறந்து பிறகு ஆள்பெயரான ஒன்று அன்று. அது முதன்முதலில் ஓர் ஆளுக்கு வைத்த இயற்பெயர்தான். உங்கள் தகப்பனார் உங்களுக்கு அதைச் சூட்டியபோது, தாம் அறியாமலே, அதை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

ஐரிஷ் மொழியில் இந்தக் குடும்பப்பெயரின் முழு வடிவம் 'ஓ கின்னேடெ'. முன்னால் நிற்கும் 'ஓ' என்பது பேரன், வழித்தோன்றல் என்று பொருள்படும் சொல். 'மக்' என்றால் மகன். அயர்லாந்துக்காரர்கள் பத்தாம் நூற்றாண்டுவரை நம்மைப் போலத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு நிலையான குடும்பப்பெயர் கிடையாது, ஒருவருடைய பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். மன்னன் பிரையன் போருவைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் உங்கள் மகனின் நண்பர்கள் படித்திருப்பார்கள். அவனுடைய தகப்பன் பெயர் கென்னேடிக். பாட்டன் பெயர் லோர்கான். ஆகவே தகப்பன் 'கென்னேடிக் மக் லோர்கான்', மகன் 'பிரையன் மக் கென்னேடிக்'. நம் வழக்கத்தில் எழுதினால் லோ. கென்னேடிக், கெ. பிரையன். இந்த முறை 'ஓ' என்பதோடு உறைந்துபோனதுதான் ஐரிஷ் குடும்பப்பெயர்களின் தோற்றம். பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளில் ஏதோ ஒரு தலைமுறையில் புகழ்பெற்ற பாட்டன் ஒருவனுடைய பெயரை எல்லாப் பேரன்களும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த முதலெழுத்து மாறவே இல்லை. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் மிக முன்னதாக வேரூன்றிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று.

அந்தக் கென்னேடிக் ஷானன் ஆற்றின் கீழ்ப்பகுதியை ஆண்ட தால் காஸ் என்ற குடியின் தலைவன், 951இல் இறந்தான். 944இல் காஷல் மன்னனிடம் பெரும் தோல்வி ஒன்றைச் சந்தித்தவன். அவனுடைய மகன் பிரையன் 1002இல் அயர்லாந்து முழுவதற்கும் பெருமன்னனாகி, 1014ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று டப்ளினுக்கு அருகே குளொன்டார்ஃப் போரில், எழுபதைக் கடந்த வயதில் மாண்டான். பிரையனின் வழிவந்தவர்கள் 'ஓ பிரையன்' ஆனார்கள். பிரையனின் அண்ணன்தம்பிகளில் ஒருவனான டொன்குவானின் மகனுக்குத் தாத்தாவின் பெயரான கென்னேடிக் என்பதையே வைத்தார்கள். 'ஓ கென்னடி' குடும்பத்தார் அந்தப் பேரனைத்தான் தங்கள் மூலவனாகக் கொள்கிறார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துப் 'பேரன்' என்ற சொல்லையே அதிலிருந்து உண்டாக்கிக்கொண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் பொருளுக்கு வருகிறேன். பெயரின் முதற்பகுதியில் ஐயமே இல்லை. 'கென்' என்றால் தலை. சிக்கல் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. பழைய ஐரிஷில் 'ஏடிக்' என்றால் காண்பதற்குக் கடுமையானது, அழகற்றது, அருவருப்பானது. இப்படிப் பிரித்தால் 'அழகற்ற தலை' வரும். உடை, போர்க்கவசம் என்று பொருள்படும் இன்னொரு சொல் 'ஏடித்'. அதைச் சேர்த்தால் 'கவசம் பூண்ட தலை', அதாவது தலைச்சீரா அணிந்தவன். குழந்தைகளுக்குப் பெயர் தேடித்தரும் புத்தகங்களில் பாதி முதற்பொருளையும் மறுபாதி இரண்டாம் பொருளையும் தரும். ஏன் இரண்டு என்று அவை சொல்வதில்லை.

காரணம் ஒலியில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது. நாம் சொல்லின் நடுவில் வரும் வல்லெழுத்துகளை மென்மையாக்கி ஒலிக்கிறோம்; 'அகம்' என்பதில் உள்ள ககரமும் 'அது' என்பதில் உள்ள தகரமும் சொல்லின் முதலில் வரும்போது உள்ளதுபோல் ஒலிப்பதில்லை, ஆனாலும் எழுத்து மாறுவதில்லை. பழைய ஐரிஷ் எழுத்தரும் ஏறத்தாழ இப்படித்தான் எழுதினார்கள். ஆண்டுக்குறிப்பு ஏடுகளில் இந்தப் பெயரின் நடுவில் வல்லின எழுத்தே இருக்கும், ஒலியோ மென்மையானது. நாம் 'கென்னடி' என்று எழுதி டகரத்தை மென்மையாக உச்சரிக்கும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த எழுத்தர் கையாண்ட விதியையே நாமும் கையாள்கிறோம். நான் இந்தப் பெயரைப் பற்றி அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆக, 'ஏடிக்' என்பதன் இறுதி 'அகம்' என்பதன் ககரம் போலவும், 'ஏடித்' என்பதன் இறுதி 'அது' என்பதன் தகரம் போலவும் ஒலித்தன. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளை ஒட்டி ஐரிஷில் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன. நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்தபின் 'வாழை' எது, 'வாளை' எது என்று காதால் பிரித்தறிய முடியாமல் போவது போன்ற நிலை. ஒலி ஒன்றானதும், பிற்காலத்தவர் அந்தப் பெயரில் கவசத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அரசகுலத்தின் பெயருக்கு அழகற்ற தலையைவிடக் கவசத் தலை பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் பழைய ஏடுகளில் இறுதியில் நிற்பது ககர எழுத்து. ஆகவே என் தீர்ப்பு இது: மூலப் பொருள் 'காணக் கடுமையான தலையன்' என்பதுதான், தலைச்சீரா பின்னால் வந்த அன்பான விளக்கம். உங்கள் மகனின் அறைத்தோழர் மொழியியல் கணக்கில் பிழை செய்யவில்லை.

அவர் தவறவிட்டது, அந்தப் பெயர் எந்த உலகத்தில் வைக்கப்பட்டது என்பதை. அது ஒருவனுடைய முகத்தைப் பார்த்துச் சூட்டிய பட்டப்பெயர் அன்று. பிரையனின் தகப்பனுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய லீஷ் மாவட்டப் பகுதியை ஆண்ட அரசன் ஒருவனுக்கும் கென்னேடிக் என்றே பெயர்; வைக்கிங்குகளை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் பெற்றவன் அவன். 'கென்' என்று தொடங்கும் பெயர்கள் அக்காலத்தில் பல. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கென் ஃபேலாட் என்ற அறிஞனின் பெயருக்கு 'ஓநாய்த் தலை' என்று பொருள். 637இல் மாய் ராத் போரில் தலையில் வெட்டுப்பட்ட அவனிடமிருந்து 'மறதி மூளை' மட்டும் கழன்று விழுந்துவிட்டதாகவும், அதன்பின் கேட்டதெல்லாம் அவன் நினைவில் நின்றதாகவும் ஐரிஷ் மரபு சொல்கிறது. ஸ்காட்லாந்து மன்னன் மூன்றாம் மால்கமின் அடைமொழி 'கேன்மோர்', அதாவது பெருந்தலை. தலை என்ற சொல்லே தலைவனையும் குறிப்பது அவர்கள் மொழியிலும் உண்டு, நம் மொழியிலும் உண்டு.

புறநானூற்றில் பாடியவர்களின் பெயர்களைப் புரட்டிப் பாருங்கள். குமணன் தன் தலையையே கொடுத்துப் பொருள் பெற்றுக்கொள்ளச் சொல்லி வாளை நீட்டிய புலவரின் பெயர் பெருந்தலைச் சாத்தனார். அந்தப் 'பெருந்தலை' உடலைக் குறிப்பதா ஊரைக் குறிப்பதா என்ற விவாதமும் உண்டு. நரிவெரூஉத்தலையார் என்று ஒருவர். நரி கண்டு அஞ்சும் தலையை உடையவர். முடமோசியார் என்று ஒருவர். இவர்களை யாரும் இழிவாக நினைத்ததில்லை, இவர்களும் பெயரை மறைத்ததில்லை. கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்த பாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பகைவன் பார்க்க அஞ்சும் தலை என்று ஒரு போர்க்குடி தன் பிள்ளைக்குப் பெயர் வைத்ததை இந்தக் கண்ணோடு பார்ப்பதே நேர்மை. தவிரவும், கேமரூன் என்றால் 'கோணல் மூக்கு', கேம்ப்பெல் என்றால் 'கோணல் வாய்'. இரண்டும் ஸ்காட்லாந்துப் பெயர்கள். உலகெங்கும் பெற்றோர் கேமரூன் என்று மகிழ்ச்சியோடு பெயர் வைக்கிறார்கள். நம் இலக்கணத்தின் சொல்லில் சொன்னால், காரணப்பெயராகப் பிறந்தவை நாளடைவில் இடுகுறிப்பெயர்களாகிவிடுகின்றன.

கென்னடிகளின் முதல் நிலம் உங்கள் மகன் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. லிமெரிக்கிலிருந்து ஷானன் ஆற்றை ஒட்டி வடகிழக்கே இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் கில்லலோ. பிரையனின் அரண்மனை இருந்த ஊர் அது. அரண்மனையின் பெயர் கின்கோரா. 'கென்' என்ற அதே தலை, 'கோரா' என்றால் ஆற்றின் குறுக்கே கட்டிய சிறு அணை. நம் விவசாயிகள் தலைமடை என்று சொல்வதில் உள்ள தலைதான் அது. அங்கிருந்து மேற்கே, கிளேர் மாவட்டத்தில், கில்லோகென்னடி என்று ஒரு பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம், இருக்கிறது. 'ஓ கென்னடிகளின் கோயில்' என்று பொருள். அண்டைக் குடிகளின் நெருக்குதலால் இவர்கள் ஷானனைக் கடந்து கிழக்கே, இன்றைய வடக்குத் திப்பரேரியில் நீனா நகரைச் சுற்றியுள்ள ஆர்மண்ட் நிலத்துக்குப் போனார்கள். பதினாறாம் நூற்றாண்டுவரை அங்கே தலைவர்களாக இருந்தார்கள். செந்நிறத்தார், வெண்ணிறத்தார், பழுப்பு நிறத்தார் என்று மூன்று கிளைகள். இன்றும் அயர்லாந்தில் அதிகம் வழங்கும் முதல் இருபது குடும்பப்பெயர்களுக்குள் கென்னடி வரும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலும் கென்னடிகள் உண்டு. பெயரின் வேர் ஒன்றே என்றாலும் அவர்கள் காரிக் பகுதியின் தனிக் குடி.

அந்த 'ஓ' எங்கே போனது? ஆங்கிலேய ஆட்சி இறுக இறுக அது உதிர்ந்தது. 1465இலேயே டப்ளின், மீத், லூத், கில்டேர் பகுதிகளில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஊர், நிறம், தொழில் ஆகியவற்றின் பெயரை ஆங்கிலக் குடும்பப்பெயராகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரிஷ் பிரபுக்களின் அதிகாரம் முறிந்தபின், 'ஓ', 'மக்' இரண்டும் நாடெங்கும் கைவிடப்பட்டன. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்கும் இயக்கமான கேலிக் லீக் தோன்றி மொழியுணர்வு மீண்டபோது ஓ பிரையன், ஓ சலிவன், ஓ கானர் போன்றவர்கள் தங்கள் 'ஓ'வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கென்னடிகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓ கென்னடி என்று இருந்தவரை அதை யாரும் குழந்தைக்கு வைக்க முடியாது. 'கென்னடியின் பேரன்' என்று ஒருவருக்கு இயற்பெயர் வைப்பது எப்படி? முன்னொட்டு உதிர்ந்ததும், உள்ளே இருந்த பழைய ஆளின் பெயர் தனியாக வெளிவந்துவிட்டது. ரையன், கெல்லி, குவின், கேசி, நோலன் என்று இன்று ஆட்பெயர்களாக வழங்குபவை எல்லாம் இவ்வாறு வெளிவந்தவையே.

குடும்பப்பெயரை இயற்பெயராக வைக்கும் பழக்கமோ அயர்லாந்தில் பிறந்தது அன்று. அங்கே ஞானஸ்நானத்தில் புனிதர்களின் பெயர்களே வழக்கம். இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டுப் பிரபுக் குடும்பங்கள் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் தொடங்கின. சில நாள் மட்டும் இங்கிலாந்தின் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் கணவனாக அறியப்படும் கில்ஃபோர்டு டட்லி 1554இல் தலை வெட்டப்பட்டான். அவனுடைய தாய் கில்ஃபோர்டு குடும்பத்துப் பெண். கென்னடியின் முழுப்பெயரான ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடி என்பதன் நடுப்பெயரும் தாய்வீட்டுப் பெயர்தான். அமெரிக்கர்கள் இதனோடு இன்னொரு வழக்கத்தைச் சேர்த்தார்கள்: நாட்டுத் தலைவரின் குடும்பப்பெயரைப் பிள்ளைக்கு வைப்பது. 1783இல் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், 1808இல் பிறந்த ஜெஃபர்சன் டேவிஸ் ஆகியோரின் பெயர்கள் அப்படி வந்தவை.

கென்னடி என்பது உலகப் பெயரானது ஒரே ஒரு குடும்பத்தால். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் நியூ ராஸ் அருகே டங்கன்ஸ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து, பெரும் பஞ்சத்தின் இறுதி ஆண்டுகளில், பேட்ரிக் கென்னடி என்ற இளைஞர் கப்பலேறிப் பாஸ்டனுக்குப் போனார். அங்கே மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியாக உழைத்து, 1858 நவம்பர் 22 அன்று இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரன் ஜான், சரியாக 105 ஆண்டுகள் கழித்து, அதே நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் சுடப்பட்டார். அதற்கு ஐந்து மாதம் முன்னால், 1963 ஜூன் மாதக் கடைசியில், அவர் டங்கன்ஸ்டவுனில் தம் உறவினர் வீட்டு முற்றத்தில் தேநீர் அருந்தினார். கொள்ளுத்தாத்தா மட்டும் புறப்படாமல் இருந்திருந்தால் தாம் இப்போது எதிரே இருக்கும் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருப்போம் என்று நியூ ராஸில் பேசினார். பயணத்தின் கடைசி நாளான ஜூன் 29 அன்று லிமெரிக் நகரம் அவருக்கு நகரின் உரிமைக் குடிமகன் என்ற மரியாதையை அளித்தது. உங்கள் மகன் நடக்கும் அதே நகரம்.

அதன்பிறகு இந்தப் பெயர் வைத்தவர்களின் கதை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1960களில் அதை ஆண் குழந்தைகளுக்கு வைத்தார்கள். 1990களிலிருந்து பெண் குழந்தைகளுக்கு வைப்பது பெருகி, 2010களில் பெண்பெயர்களின் முதல் நூறுக்குள் வந்துவிட்டது. ஐரிஷ் இலக்கணம் தெரிந்தவருக்கு இது விநோதமாக இருக்கும், ஏனெனில் அந்த மொழியில் பெண் 'ஓ' போட்டுக்கொள்ளவே மாட்டாள். மகள் 'நீ கின்னேடெ' என்று எழுதுவாள், ககரமும் உரசும் ஒலியாக மாறும். கென்யாவில் கென்னடி என்ற ஆண்பெயர் பரவலாக உண்டு. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: தொழிற்சங்கத் தலைவர் டாம் எம்போயா கென்ய மாணவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விமானத்தில் அனுப்பிய திட்டத்துக்கு 1960இல் கென்னடி குடும்ப அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் கொடுத்தது.

தமிழ்நாட்டில், நம் தலைமுறைக்கு முந்தியவர்கள் உலகத் தலைவர்களின் குடும்பப்பெயர்களைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வைத்தார்கள். ஸ்டாலின், காஸ்ட்ரோ, கென்னடி எல்லாம் அப்படி வந்தவை. நமக்குக் குடும்பப்பெயர் என்ற கட்டமே இல்லாததால், அந்தப் பெயர்களில் எது ஆளுடையது, எது குடும்பத்துடையது என்ற தடை நம்மிடம் எழவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஓர் ஈர்ப்பு இருந்தது. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி. 1962 சீனப் போரில் இந்தியாவுக்கு ஆயுத உதவி அனுப்பியதும் அவருடைய அரசுதான். நடிகர் விக்ரம் 1966இல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயரும் கென்னடி என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

ஆகவே உங்கள் மகனிடம் யாராவது மறுபடி கேட்டால், அவர் இப்படிச் சொல்லலாம்: "கென்னடி என் அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் என் பெயரோடு சேர்ந்து வருகிறது." இது ஐரிஷ்காரருக்கு உடனே புரியும், ஏனென்றால் பிரையன் போருவின் பெயரோடு கென்னேடிக் என்பது ஒட்டிக்கொண்டதும் இந்த முறையில்தான். நாளைக்கு உங்கள் மகன் அங்கேயே குடியேறி, பிறக்கும் பிள்ளைக்கும் கடவுச்சீட்டில் உள்ள குடும்பப்பெயரையே கொடுத்தால், உங்கள் பேரன் சட்டப்படியும் பொருள்படியும் ஓ கென்னடியாகிவிடுவான். 'ஓ' என்றால் பேரன் என்று மேலே சொன்னேன் அல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கில்லலோவுக்குப் போய் வரச் சொல்லுங்கள். கின்கோரா இருந்ததாகச் சொல்லப்படும் மேட்டில் இப்போது புனித ஃபிளானன் பெயரில் ஒரு கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. கீழே ஷானன் ஓடுகிறது.